என் பலம் எனக்குத் தெரியவில்லை, செக்கிங் அக்காவுக்குத் தெரிந்திருந்தது

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன், ஆர்டர் வாங்கியதிலிருந்து சரக்கு போகும்வரை பின்தொடர்கிற வேலை. வேலை மாறலாமென்று ரெஸ்யூம் எழுதினால், ‘பலங்கள்’ என்ற இடத்தில் கை ஓடவில்லை. ‘கடின உழைப்பாளி’ என்று இந்த ஊரில் எழுதி என்ன பிரயோஜனம்? இங்கே யார்தான் இல்லை!

ஜோஹாரி ஜன்னல் என்று ஒரு முறை உண்டு. 1955-இல் ஜோசப் லுஃப்ட், ஹாரிங்டன் இங்ஹாம் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் உருவாக்கியது. 56 குணச்சொற்களில் நமக்குப் பொருந்துகிற ஐந்தாறை நாம் எடுக்க வேண்டும். நம்மைத் தெரிந்தவர்களும் அதே பட்டியலிலிருந்து நமக்காக எடுப்பார்கள். இரு தரப்பும் எடுத்தவை ஒரு கட்டம், நாம் மட்டும் எடுத்தவை ஒன்று, அவர்கள் மட்டும் எடுத்தவை ஒன்று, யாருமே எடுக்காதவை நாலாவது.

நான் சுறுசுறுப்பு, தன்னம்பிக்கை, ஒழுங்கு என்றெல்லாம் எடுத்தேன். சுறுசுறுப்பைப் பார்த்ததும் எங்க வீட்டுக்காரர் சிரித்தே விட்டார். மற்றவர்கள் திரும்பத் திரும்ப எடுத்தது ‘நிதானம்’. எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஷிப்மெண்ட் வாரத்தில் என் வயிறு படும் பாடு எனக்குத்தானே தெரியும்!

சரி, ஏன் அப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டால், “உங்களுக்கென்னங்க, தங்கமான மனசு” என்றுதான் பதில் வருகிறது. நம்ம பக்கம் மரியாதை அப்படி. அதனால் கேள்வியை மாற்றினேன்: நான் உருப்படியாக எதையாவது செய்து நீங்கள் பார்த்த ஒரு சம்பவம் சொல்லுங்கள். எம்டியிடம் மட்டும் கேட்கவில்லை. கேட்டால் விஷயம் புரிந்துவிடும்.

தைத்த துணியில் குறை இருக்கிறதா என்று பார்க்கிற செக்கிங் அக்கா யோசிக்கவே இல்லை. “டீ-சர்ட்டுல கையும் உடம்பும் ரெண்டு ஷேடா வந்து நின்னுச்சே அம்மிணி, டையிங்கா கட்டிங்கான்னு ஆளாளுக்குக் கத்துனாங்க. நீ பேசாம ரெண்டு பீஸை எடுத்துட்டுப் போயி ஜன்னல் வெளிச்சத்துல வெச்சுப் பார்த்துட்டு, எந்த லாட்டுன்னு மட்டும் கேட்டே.”

லாட் என்றால் ஒரே தடவையில் சாயம் போட்ட துணி; லாட் மாறினால் நிறமும் கொஞ்சம் மாறலாம். அப்புறம் கட்டிங் கட்டுகளை லாட் வாரியாகப் பிரித்து ஸ்டிக்கர் ஒட்டினோம், சரக்கும் தேதிக்குப் போய்விட்டது. நான் அதை மறந்தே போயிருந்தேன். சிரமப்படாமல் செய்வதை நாம் கணக்கிலேயே எடுப்பதில்லை போல. கோபியில் இருக்கும் தங்கை, அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த ராத்திரியைப் பற்றி ஏறக்குறைய இதையேதான் சொன்னாள். கம்பெனியும் வீடும் ஒரே மாதிரிச் சொன்ன பிறகுதான் நம்பினேன்.

ரெஸ்யூமில் குணச்சொல் எதுவும் போடவில்லை, அந்த லாட் விவகாரத்தை இரண்டு வரியில் எழுதினேன். இண்டர்வியூவில் பாதி நேரம் அதைத்தான் கேட்டார்கள். சம்பளம்தான் இன்னும் பேசி முடியவில்லை.