2000-ல கவுன்சிலிங் போன கதை

நான் 2000-ல ப்ளஸ் டூ முடிச்ச செட்டுங்க, ஊரு சத்தியமங்கலம் பக்கம். அந்த வருசம் பொறக்கறப்ப கம்ப்யூட்டரெல்லாம் நின்னுபோயிரும்னு பேசிட்டுத் திரிஞ்சாங்க, ஒன்னும் நிக்கல, ஆனா ஆறே மாசத்துல அதே ஆளுங்க "பையன கம்ப்யூட்டர்ல சேத்து உடுங்க, அமெரிக்கா போயிருவான்"னு எங்கப்பா காதுல ஓதிட்டாங்க.

அப்பெல்லாம் இன்ஜினியரிங் சேரோணும்னா என்ட்ரன்ஸ் தனியா எழுதோணும். கணக்கு 100, பிசிக்ஸ் 50, கெமிஸ்ட்ரி 50, என்ட்ரன்ஸ் 100, ஆக மொத்தம் 300-க்கு கட் ஆப். ப்ளஸ் டூல எனக்கு நல்ல மார்க்குதான், என்ட்ரன்ஸ்ல ஊத்திக்கிச்சு. வரி மாறாம மனப்பாடம் பண்ணி எழுதி பழகுன பயலுக்கு நாலுல ஒன்ன டிக் பண்ணுன்னா எப்புடிங்க?

சாதிச் சான்று, வருமானச் சான்றுன்னு தாலுக்கா ஆபீசுக்கு நடந்தத தனியா எழுதோணும், உடுங்க.

ஆகஸ்ட் மொத வாரம் எனக்கு கவுன்சிலிங், அதாவது கட் ஆப் வரிசைப்படி கூப்புட்டு காலேஜ் சீட்டு குடுக்கறது, அண்ணா யுனிவர்சிட்டில. அதுக்கு கொஞ்ச நாள் முந்தி, ஜூலை 30 ராத்திரி, தாளவாடி பக்கம் தொட்டகாஜனூர்ல நடிகர் ராஜ்குமார வீரப்பன் கடத்திட்டான். மைசூர் பஸ் நின்னுபோச்சு, சத்தி பூரா போலீஸ் ஜீப்பு. நாங்க ஈரோடு போயி ராத்திரி ரயில்ல அன்ரிசர்வ்டுல நின்னுட்டே மெட்ராஸ் போனோம். சர்டிபிகேட், டிடி, புளிச்சோறு எல்லாம் ஒரே மஞ்சப்பையில. காலைல பாத்தா சாதிச் சான்றுல சீல் பக்கத்துலயே எட்டணா காசு அளவுக்கு எண்ணெ. வெரிபிகேசன்ல இருந்தவரு அத வெளிச்சத்துல தூக்கிப் பாத்துட்டு மோந்தும் பாத்தாரு. நல்லவேளை, ஒன்னும் சொல்லல.

ஹால்ல டிவி வெச்சு எந்த காலேஜ்ல எத்தன சீட்டு மிச்சம்னு ஓட்டிட்டே இருப்பாங்க. கோயமுத்தூர்ல ஒரு காலேஜ்ல கம்ப்யூட்டர் 4 இருந்துச்சு, கண்ணு எடுக்காம பாத்துட்டிருந்தேன். பக்கத்து சீட்டு மெட்ராஸ்காரரு எங்க ஊரக் கேட்டதும் "வீரப்பன பாத்திருக்கீங்களா?"ன்னாரு. அப்பா, "நாம்பாத்து சொல்லியிருந்தா கவருமெண்ட்டு காசு குடுத்திருக்குமுங்க, ஃப்ரீ சீட்டுக்கு இங்க எதுக்கு காத்துக் கெடக்கறேன்"னாரு. நானும் சிரிச்சேன். திரும்பிப் பாத்தா 0.

உள்ள போனா ஐடி இருக்குது, ஆனா தின்னவேலி தாண்டி. ஈரோட்டுப் பக்கம் மெக்கானிக்கல். அப்பா "சனிக்கெழம வந்துட்டுப் போற தூரத்துல பாரு சாமி"ன்னாரு. ஆபரேட்டர் ஒரு தட்டு தட்டுனாரு, முடிஞ்சுது. நான் கம்ப்யூட்டர அத்தன பக்கத்துல பாத்ததே அன்னைக்குத்தானுங்க.

வெளிய எஸ்டிடி பூத்துல இருந்து பக்கத்து தோட்டத்து வீட்டுக்கு போன் போட்டோம், அம்மாவ கூப்புட்டு வெய்யுங்க, பத்து நிமிசம் கழிச்சு போடறோம்னு. ரெண்டாவது தடவ அம்மா மூச்சு வாங்க "என்ன கெடச்சுதுடா?"ன்னுச்சு.

"மெக்கானிக்கல்மா."

"அதுல கம்ப்யூட்டர் இருக்குதா?"

மீட்டர்ல செவப்பு நம்பர் ஓடிட்டே இருந்துச்சு. "இருக்குது இருக்குது"ன்னு சொல்லி வெச்சுட்டேன்.