அசதி தெளிய ஆறு மாதம்

பாம்பன், சின்னப்பாலம், ஓலைக்குடா, ஏர்வாடி என்று ராமநாதபுரம் பக்கத்தில் எந்தக் கரைக்குப் போனாலும் கடல்பாசி எடுக்கும் பெண்கள் சொல்வது ஒன்றுதான்: "கை காலெல்லாம் ஓஞ்சு வருது." தண்ணீரில் கிடந்த அலுப்பு என்று விட்டுவிடுகிறார்கள். வேலை அலுப்பு ஒரு நல்ல தூக்கத்தில் போய்விடும். இரண்டு மூன்று நாள் கடலுக்குப் போகாமல் வீட்டில் இருந்த பிறகும் குடம் தூக்க மூச்சு வாங்கினால் அதற்கு வேறு காரணம் உண்டு. அந்தக் காரணத்தைக் கண்டுபிடித்து, ரத்த அளவு ஏறி, ஏறியது இறங்காமல் நிற்கும் வரை கூடவே போய்வந்ததில் தெரிந்துகொண்டவற்றை எழுதுகிறோம்.

மருத்துவரைப் பார்ப்பதற்கு முன் ஒரு வாரம் நாள்காட்டியின் பின்பக்கத்தில் குறித்து வைப்பது பெரிய உதவி. எத்தனை மணிக்குப் படுத்தோம், எழுந்தோம். எத்தனை டம்ளர் தண்ணீர், எத்தனை டீ. அசதி எந்த நேரத்தில் அமுக்குகிறது. தீட்டு எத்தனை நாள், துணியோ நாப்கினோ ஒரு நாளில் எத்தனை. வரிசையில் காத்திருந்து உள்ளே போனால் கிடைப்பது இரண்டு மூன்று நிமிடம். "ஒரே அசதியா இருக்கு" என்று மட்டும் சொன்னால் சத்து மாத்திரையோடு திரும்ப வேண்டியதுதான். "எட்டு நாள் படுது, கட்டி கட்டியாப் போகுது, மாடி ஏறினா நெஞ்சு அடிக்குது" என்றால் பேச்சே வேறு திசையில் போகும்.

அந்தக் குறிப்பே பாதி விடை சொல்லும். மதியத்துக்கு மேல் தலைவலி, அடர்மஞ்சள் சிறுநீர் என்றால் நீரும் உப்பும் குறைவு. படியேறினால் படபடப்பு, கண் இமையின் உள்பக்கம் வெளுப்பு, பச்சரிசியோ சாம்பலோ தின்னத் தோன்றும் ஆசை என்றால் இரும்புச்சத்துக் குறைவு. ராத்திரி நாலைந்து தடவை எழுந்து போவதும் அடங்காத தாகமும் சர்க்கரையைப் பார்க்கச் சொல்லும். உடம்பு கனத்து, மலம் இறுகி, முடி கொட்டினால் தைராய்டு. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு என்றால் காசநோய்க்கான சளிப் பரிசோதனைக்கு மறுநாளே போக வேண்டும். எதிலும் மனம் ஒட்டாமல் வாரக்கணக்கில் கிடப்பதும் நோய்தான். அதையும் மருத்துவரிடம் சொல்லலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

தண்ணீர் விஷயத்தை இந்தக் கரையில் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. நாள் முழுக்கத் தண்ணீரில் நிற்பவளுக்கு எப்படி நீர் குறையும் என்று கேட்பார்கள். மார்பளவு நீரில் இருக்கும்போது அதன் அழுத்தத்தில் கால் பக்கத்து ரத்தம் நெஞ்சுக்கு ஏறுகிறது. உடம்பு அதை மிகுதி என்று எடுத்துக்கொண்டு சிறுநீரைக் கூட்டிவிடும். வியர்ப்பதும் தெரியாது. படகில் மறைவு இல்லை என்பதற்காகவே குடிக்காமல் கிளம்புகிறவர்கள்தான் அதிகம். எழுந்தவுடன் அரை லிட்டர் குடித்துவிட்டால் வள்ளம் ஏறுவதற்குள் ஒருமுறை போய்விட்டு வந்துவிடலாம். கரை திரும்பும்போது ஒரு லிட்டர் நீச்சத்தண்ணியில் (பழைய சோற்று நீரில்) அரைத் தேக்கரண்டி உப்பு போட்டு மெதுவாகக் குடிப்பது நல்லது. நீச்சத்தண்ணி இல்லாத வீட்டில் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீருக்கு மட்டமாக ஆறு தேக்கரண்டி சர்க்கரை, மட்டமாக அரைத் தேக்கரண்டி உப்பு. கரண்டியைக் குவித்து அள்ளினால் உப்பு மிஞ்சிவிடும், அது ஆபத்து. ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் உப்பைக் கூட்டாமல் வெறும் நீராகவே குடிக்கட்டும். ஒரு வாரம் இப்படிச் செய்து மதிய அசதி போய்விட்டால் அதுதான் காரணம். போகவில்லை என்றால் ரத்தம் பார்க்க வேண்டும்.

இங்கே அசதிக்கென்று குளுக்கோஸ் ஏற்றுவதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அரை லிட்டர் ஐந்து சதவீத பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை, ஏறக்குறைய ஐந்து தேக்கரண்டி. ஏற்றியதும் தெம்பு வருவது உள்ளே போன நீரால். ரத்தசோகை அதில் துளியும் தீராது. ஒரு நாள் பாசிக் காசை அதற்குக் கொடுக்காதீர்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின், அதாவது நாம் ரத்த அளவு என்று சொல்வதை, இலவசமாகப் பார்க்கிறார்கள். 100 மி.லி. ரத்தத்தில் அது பெண்களுக்கு 12, கர்ப்பிணிகளுக்கு 11, ஆண்களுக்கு 13 கிராமுக்குக் கீழே போனால் சோகை. விரல் நுனியில் குத்தும்போது ரத்தம் வரவில்லை என்று விரலைப் பிழிந்தால் திசுநீர் கலந்து அளவு குறைத்துக் காட்டும். ஸ்பிரிட் காயாமல் குத்தினாலும் அப்படியே. கடலிலிருந்து வந்த சூட்டோடு போனால் நீர் வற்றிய ரத்தம் கெட்டியாக இருந்து கூடுதலாகக் காட்டும். அமாவாசை, பவுர்ணமியை ஒட்டிய பாசி நாட்களை விட்டு, இரண்டு நாள் ஓய்ந்திருந்த பிறகு போவது சரி. முடிந்தால் முழு ரத்த எண்ணிக்கையும் கேளுங்கள். அதில் எம்.சி.வி. என்ற எண் (சிவப்பணுவின் சராசரிப் பருமன்) 80க்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் இரும்புக் குறைவு; 100க்கு மேலே என்றால் பி12 அல்லது போலிக் அமிலம். எம்.சி.வி. மிகவும் குறைந்து, சிவப்பணு எண்ணிக்கை மட்டும் 50 லட்சத்தைத் தாண்டி நின்றால் தலசீமியா என்ற ரத்தக் குறைபாட்டின் பரம்பரைக் கூறாக இருக்கலாம். அதற்கு இரும்பு மாத்திரை பலன் தராது, தனிப் பரிசோதனை உண்டு. சர்க்கரையும் கொதிப்பும் பார்க்க, 2021 ஆகஸ்டில் அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வருகிறார்கள். அவர்கள் வரும் நாளைக் கேட்டு வைத்துக்கொண்டால் ஒரு நடை மிச்சம்.

சோகை என்று தெரிந்த பிறகு பலரும் தாண்டிப்போகிற கேள்வி, இரும்பு எங்கே போனது என்பது. பெண்களுக்கு முதல் காரணம் மிகுந்த தீட்டு. ஏழு நாளுக்கு மேல் போனாலும், மணிக்கொரு நாப்கின் நனைந்தாலும் கர்ப்பப்பையை ஸ்கேன் பார்க்க வேண்டும். அடுத்தது கொக்கிப்புழு. ஈர மணலில் கிடக்கும் அதன் இளம்புழு வெறுங்காலின் தோல் வழியாக ஏறிக் குடலில் ஒட்டி ரத்தம் குடிக்கும். கரையோரம் ஒதுங்கும் இடங்களுக்குச் செருப்பில்லாமல் போகக் கூடாது. இந்தப் புழுவுக்கு மருந்து அல்பெண்டசோல் 400 மி.கி. ஒரே மாத்திரை, கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் கூடாது. மூன்றாவது காரணம் நம் கண்ணெதிரே இருப்பது: இடுப்பு வலிக்கும் முட்டி வலிக்கும் கடையில் வாங்கிப் போடும் டைக்ளோபினாக் போன்ற மாத்திரைகள். இவை வயிற்றைப் புண்ணாக்கி வெளியே தெரியாமல் ரத்தத்தைக் கசிய விடும். ஆண்களுக்கும் தீட்டு நின்ற பெண்களுக்கும் இரும்புக் குறைவு வந்தால் மாத்திரையோடு நிறுத்தாமல் வயிறு, குடல், மூலம் எங்கே கசிகிறது என்று பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

"மாத்திரை வேண்டாம், முருங்கைக்கீரையே சாப்பிட்டுக்கிறேன்" என்பவர்களிடம் இந்தக் கணக்கைத்தான் போட்டுக் காட்டுவோம். ஐம்பது கிலோ எடையுள்ள பெண்ணுக்கு ரத்த அளவு 8 என்றால், அதை 13க்குக் கொண்டுவந்து உடம்பின் சேமிப்பையும் நிரப்ப 1,000 மி.கி.க்கு மேல் இரும்பு உள்ளே சேர வேண்டும். நூறு கிராம் முருங்கைக்கீரையில் இருப்பது சுமார் 4.5 மி.கி.; அதில் உடம்பு இழுப்பது பத்தில் ஒரு பங்கு என்றே வைத்தாலும் அரை மில்லிகிராம்தான் தேறும். தினமும் உடம்பு இயல்பாக இழப்பதே ஒன்றிலிருந்து இரண்டு மி.கி. அரசு தரும் மாத்திரை ஒன்றில் 60 மி.கி. இரும்பு இருக்கிறது, அதில் ஆறு முதல் ஒன்பது மி.கி. ஏறினால் நாலைந்து மாதத்தில் கணக்கு நேராகும். கீரை நல்ல உணவு. ஆனால் வற்றிய கிணறு அதனால் நிரம்பாது, நிரம்பிய கிணற்றைக் காப்பாற்றத்தான் அது.

எத்தனை மாத்திரை என்பதை மருத்துவர் சொல்வார். எப்போது போடுவது என்பதில்தான் பலருக்கும் தவறுகிறது. டீயோடும் தேத்தண்ணியோடும் போட்டால் பாதிக்கு மேல் வீண். முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும். பால், கேழ்வரகுக் கூழ், கால்சியம் மாத்திரை இவையும் சேரக் கூடாது. தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் நாலு மணி நேரம் தள்ளி. வாயுத்தொல்லைக்குப் போடும் மாத்திரை அமிலத்தைக் குறைத்து இரும்பை ஏறவிடாது. விடியற்காலை மூன்று மணிக்கு எழுகிற வீடுகளில் ஒத்துவரும் நேரம், ராத்திரிச் சோறு முடித்து இரண்டு மணி கழித்துப் படுக்கப் போகையில், அரை எலுமிச்சை பிழிந்த தண்ணீரோடு. மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். தார்போல ஒட்டி நாறினால் மட்டும் உடனே போங்கள். குமட்டல் தாங்கவில்லை என்று நிறுத்திவிடுபவர்கள் ஏராளம். நிறுத்துவதற்கு முன் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடலாமா என்று கேளுங்கள். ஒரு மாத்திரை போட்டதும் உடம்பில் ஹெப்சிடின் என்ற சுரப்பு ஏறி ஒரு நாள் வரை அடுத்ததை உள்ளே விடாமல் தடுக்கும், அதனால் இடைவெளி விட்டுப் போடுவதில் ஒவ்வொரு மாத்திரையும் கூடுதலாக ஏறுகிறது. சாப்பாட்டுக்குப் பின் போடுவது அடுத்த வழி. கொஞ்சம் குறைவாக ஏறும், அவ்வளவுதான். மாத்திரையைக் குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள், நாலைந்தை விழுங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து.

சாப்பாட்டில் நம் கரைக்கு ஒரு வசதி உண்டு. மீனில் இருக்கும் இரும்பு கீரையினதைவிட எளிதாக ஏறும். அதே தட்டில் இருக்கும் கீரையின் இரும்பையும் சேர்த்து இழுக்கும். பி12ம் மீனிலும் மட்டியிலும் தாராளம். ஆனால் நல்ல மீன் ஏலத்துக்குப் போய்விடுகிறது, மிஞ்சியதில் ஆணும் பிள்ளையும் சாப்பிட்ட பிறகு பெண்ணுக்குக் குழம்புதான் மிச்சம். இது எங்களை உறுத்திக்கொண்டே இருக்கும் விஷயம். விலை போகாத சூடை, சாளை, நெத்திலி இவற்றில் ஒரு கைப்பிடியை ஆக்கும்போதே அவளுக்கென்று எடுத்து வைக்க வேண்டும். மதியம் மீனோடு முருங்கைக்கீரை, பக்கத்தில் ஒரு நெல்லிக்காயோ கொய்யாவோ. டீ இரண்டு மணி நேரம் தள்ளி. கருவாட்டில் உப்பு அதிகம், கொதிப்பு உள்ளவர்களுக்கு அது சரிவராது.

இரவு வள்ளத்துக்குப் போகும் ஆண்களின் அசதி பெரும்பாலும் தூக்கம். ஏலம் முடிந்து வந்து இருட்டிய அறையில் நாலு மணி நேரம், கிளம்புமுன் மூன்று மணி நேரம் என்று இரண்டாகப் பிரித்தாவது ஏழு மணி நேரம் சேர வேண்டும். படுப்பதற்கு ஆறு மணி நேரத்துக்குள் டீ வேண்டாம்.

இரும்பு மாத்திரை தொடங்கி நாலாவது வாரம் மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும். ஒரு கிராமாவது ஏறியிருந்தால் வழி சரி. ஏறவில்லை என்றால் மாத்திரை உள்ளே போகவில்லை, அல்லது ரத்தம் இன்னும் கசிகிறது, அல்லது காரணமே வேறு. அப்போது ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சீட்டு எழுதித் தரச் சொல்லுங்கள். நரம்பு வழியாக இரும்பு ஏற்றும் வசதியைப் பற்றியும் அங்கே கேட்கலாம். ரத்த அளவு 8க்குக் கீழே, கர்ப்பிணிக்கு 7க்குக் கீழே, அல்லது உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் நாலு வாரம் காத்திருக்கவே கூடாது.

ஆறாவது, ஏழாவது வாரத்தில் குடம் லேசாகத் தெரியும். நிறையப் பேர் மாத்திரையை நிறுத்துவது அப்போதுதான். அந்த நேரத்தில் ஓடும் ரத்தம்தான் தேறியிருக்கும், சேமிப்பு காலியாகவே கிடக்கும். அடுத்தடுத்த தீட்டில் எண் மறுபடி இறங்கத் தொடங்கிவிடும். 12 தாண்டிய தேதியை நாள்காட்டியில் வட்டமிட்டு, அதிலிருந்து இன்னும் மூன்று மாதம் எண்ணிக்கொள்ளுங்கள். மாத்திரை தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே நர்சம்மாவிடம் அடுத்த அட்டையை வாங்கி வையுங்கள். மூன்று மாதம் முடியும் நாளில் கடைசியாக ஒரு முறை ரத்தம் பார்த்து, அந்த எண்ணைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த வருடம் ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும்.