சாண்டிநல்லா சேறும் எக்ஸ்ரே ஸ்கேனரும்

ஊட்டிப் பக்கம் புல்வெளிச் சரிவுகளுக்கு நடுவே தண்ணீர் தேங்கும் பள்ளங்களில் கன்னங்கரேலென்று ஒரு சேறு கிடக்கும். பீட் என்பார்கள். முழுதாக மக்காத செடிகொடிகள் பல்லாயிரம் ஆண்டுகளாக அடுக்கடுக்காகச் சேர்ந்தது. நீலகிரி பீட்டின் கார்பன் ஐசோடோப்பை வைத்துப் பழைய பருவநிலையைச் சொன்ன ஆய்வு 1993-லேயே வந்துவிட்டது. எனக்குத் தெரிய வேண்டியது வேறு: சரிவிலிருந்து மண் எப்போதெல்லாம் அரித்துக்கொண்டு வந்தது?

அனுமதி வாங்கிய கதை இங்கே வேண்டாம். ஊட்டி அருகே சாண்டிநல்லாவில் ரஷ்யன் கோரரை, அதாவது சேற்றை அடுக்கு கலையாமல் வெட்டியெடுக்கும் கைக்கருவியை, இறக்கித் திருப்பினோம். அரை உருளையாக வந்த சேற்றுத் துண்டை (இதுதான் கோர்), நெடுக்கில் பிளந்து வைத்திருந்த பிவிசி குழாயில் கிடத்தி, கிளிங் ஃபிலிம் சுற்றி, சமவெளியில் இருக்கும் ஆய்வகத்துக்குக் கொண்டுபோனோம்.

எக்ஸ்ஆர்எஃப் ஸ்கேனர் (எக்ஸ்ரே பாய்ச்சினால் ஒவ்வொரு தனிமமும் திருப்பி உமிழும் எக்ஸ்ரேயை எண்ணும் கருவி) தானாக ஓடும். வேலையெல்லாம் அதற்கு முன்னால்தான். கண்ணாடிச் சில்லால் மேற்பரப்பைக் குறுக்குவாட்டில் வழிக்க வேண்டும். நெடுக்குவாட்டில் இழுத்தால் ஓர் அடுக்கின் மண் அடுத்ததில் அப்பிக்கொள்ளும். பிறகு 4 மைக்ரான் ஃபிலிமைச் சுருக்கமில்லாமல் ஒட்ட வேண்டும். அடியில் துளி நீர் நின்றாலும் அலுமினியம், சிலிக்கான் சிக்னல் அமுங்கிவிடும். பீட்டில் பாதிக்கு மேல் தண்ணீர்தானே! புல்வேர் ஒன்று நீட்டிக்கொண்டிருந்த இடத்தில் வரைபடத்தில் எல்லாத் தனிமமும் ஒன்றாகச் சரிந்தது. பருவநிலையும் இல்லை, ஒன்றும் இல்லை, வெறும் பள்ளம்.

இலேசான தனிமங்களுக்கு எக்ஸ்ரே குழாயில் 10 கிலோவோல்ட், ருபீடியம், சிர்கோனியம் போன்றவற்றுக்கு 30 என்று ஒரே கோரைத் திரும்பவும் ஓட்டினோம். வருவது சதவீதம் அல்ல, வெறும் எண்ணிக்கை. மண்ணோடு வரும் டைட்டானியம் குறைந்தால் மண் வரத்து குறைந்தது என்று எடுத்த எடுப்பில் சொல்ல முடியாது. அங்கே தண்ணீர் கூடியிருக்கலாம். அதனால் ஒரு தனிமத்தின் எண்ணிக்கையை இன்னொன்றால் வகுத்த விகிதத்தின் மடக்கைதான் (log) பேசும். இரும்பை நான் நம்பவில்லை. சதுப்பில் நீர்மட்டம் ஏறி இறங்கும்போது அதுவும் கரைந்து இடம் மாறும். டைட்டானியம் கிடந்த இடத்திலேயே கிடக்கும்.

கோரின் நடுவில் சாம்பல் நிறத்தில் விரல் அகலப் பட்டை ஒன்று. தொட்டால் நறநறவென்றது. அந்த இடத்தில் டைட்டானியம், பொட்டாசியம், சிலிக்கான் மூன்றும் சேர்ந்து எகிறின. சரி, மண் இறங்கியிருக்கிறது. சில துண்டுகளை உலர்த்தி அரைத்து ரசாயனப் பகுப்பாய்வுக்கு அனுப்பியிருக்கிறோம். அது வந்தால்தான் எண்ணிக்கையை அளவாக மாற்றலாம். எந்த நூற்றாண்டு என்று கேட்பவர்களுக்கு, ரேடியோகார்பன் தேதி வரும்வரை, "இதற்கு மேல், அதற்குக் கீழ்" என்றுதான் பதில்.