கணக்கு சரி, விடை வேறு: சிஎஃப்ஏ பயிற்சிக் கேள்விகளோடு பட்ட பாடு

முதலீட்டுப் பகுப்பாய்வுத் துறைக்கான சிஎஃப்ஏ தகுதியின் முதல் நிலைத் தேர்வுக்குப் படித்த மாதங்களில் என் நேரத்தைப் பெரிதும் விழுங்கியவை கடினமான கேள்விகள் அல்ல. எதைக் கேட்கின்றன என்றே தெளிவாகத் தெரியாத பயிற்சிக் கேள்விகள்தாம். கடினமான கேள்விக்கு விடை வராவிட்டால் பாடத்துக்குத் திரும்பலாம். பாடமும் தெரிந்து, கணக்கையும் சரியாகப் போட்ட பிறகு விடைப் பகுதியில் வேறொரு எண் நின்றால், எதைத் திரும்பப் படிப்பது என்பதே புரிவதில்லை. 180 கேள்விகளுக்கு நான்கரை மணி நேரம், அதாவது கேள்விக்கு ஒன்றரை நிமிடம் என்று நடக்கும் தேர்வுக்குத் தயாராகிறவர், ஒரே கேள்வியோடு மாலை முழுதும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்க முடியாது.

எனக்குக் கைகொடுத்த வழி, விளக்கக் குறிப்பை உடனே படிக்காமல், கொடுக்கப்பட்ட மூன்று விடைகளையும் எடுத்துக்கொண்டு ஒவ்வோர் எண்ணும் எந்தக் கணக்கிலிருந்து பிறந்திருக்கும் என்று பின்னோக்கிப் போய்ப் பார்ப்பது. நன்றாக அமைக்கப்பட்ட கேள்வியில் தவறான விடைகள் மனம்போன போக்கில் எழுதப்படுவதில்லை. படிக்கிறவர் வழக்கமாக இடறும் இடங்களைக் கணித்தே அவை வைக்கப்படுகின்றன. ஓர் உதாரணம்: ஆண்டுக்கு 1,000 வீதம் ஐந்து ஆண்டுகள் கிடைக்கும் தொகையின் இன்றைய மதிப்பு, 8 சதவீத வட்டியில் என்ன? ஒவ்வொரு தவணையும் ஆண்டின் இறுதியில் வந்தால் விடை 3,992.71, முதல் தவணை இன்றே வந்தால் 4,312.13. இரண்டு எண்களும் விடைகளில் இருந்து, தவணை எப்போது வருகிறது என்பதைக் கேள்வி சொல்லாமல் விட்டிருந்தால், குழப்பம் வட்டிக் கணக்கில் இல்லை, சொல்லப்படாத அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. வேறு குறிப்பு இல்லாதவரை ஆண்டிறுதித் தவணை என்றே கொள்வது பொது வழக்கம் என்று தெரிந்த பிறகு, இந்த வகைக் கேள்விகள் என்னை நிறுத்தவில்லை.

இதே சிக்கல் வெவ்வேறு உருவங்களில் பாடத்திட்டம் முழுவதும் வருகிறது. விற்ற சரக்கின் அடக்கவிலை 600, தொடக்கச் சரக்கிருப்பு 100, இறுதிச் சரக்கிருப்பு 140 என்றால், சராசரி இருப்பால் அடக்கவிலையை வகுத்துக் கிடைக்கும் சரக்கிருப்புச் சுழற்சி 5. இறுதி இருப்பை வைத்தால் 4.29. 2, 4, 6, 8 என்ற எண்களை முழுமைத் தொகுதியாகக் கொண்டால் திட்ட விலக்கம் 2.24, மாதிரியாகக் கொண்டால் 2.58. அரையாண்டுக்கு ஒருமுறை வட்டி தரும் கடன் பத்திரத்தின் ஈட்டம் 8 சதவீதம் என்று சொல்லும்போது, அது அரையாண்டு விகிதத்தை வெறுமனே இரட்டித்ததா, கூட்டுவட்டியோடு 8.16 சதவீதமாக மாற்றப்பட வேண்டியதா என்பதும் அப்படியே. இவற்றுக்காகத் தனி நோட்டு ஒன்று வைத்து, ஒவ்வொரு கேள்வியும் எதைச் சொல்லாமல் விட்டது, விடை எதை எடுத்துக்கொண்டது என்பதை மட்டும் எழுதினேன். சூத்திரங்களைத் தொகுத்து வைத்திருந்த நோட்டைவிட இதைத்தான் கடைசி வாரங்களில் அதிகம் புரட்டினேன்.

பழைய கேள்விகள் தந்த குழப்பம் வேறு வகை. கையிலிருந்த தொகுப்பு ஒன்றில், சர்வதேச நிதி அறிக்கை நெறிகளின்படி கணக்கு வைக்கும் குத்தகைதாரர், செயல்பாட்டுக் குத்தகையை, அதாவது சொத்தின் உரிமைக்குரிய பலனும் இடரும் தனக்கு மாறாத குத்தகையை, சொத்துகளையும் கடன்களையும் காட்டும் இருப்புநிலைக் குறிப்பில் காட்ட வேண்டியதில்லை என்று விடை இருந்தது. எழுதப்பட்ட காலத்தில் அது சரியான விடைதான். அந்த நெறிகளில் ஒன்றாக 2019 முதல் நடைமுறைக்கு வந்த ஐஎஃப்ஆர்எஸ் 16, குறுகிய காலக் குத்தகை, குறைந்த மதிப்புள்ள சொத்து போன்ற விலக்குகள் நீங்கலாகப் பிற குத்தகைகளை இருப்புநிலைக் குறிப்புக்குள் கொண்டுவந்துவிட்டது. அமெரிக்க நெறியிலும் குத்தகைகள் உள்ளே வந்துவிட்டன என்றாலும், செலவைக் காட்டும் முறையில் செயல்பாட்டுக் குத்தகை என்ற பிரிவு இன்னும் நீடிக்கிறது. ஆகவே எந்த நெறி என்று குறிப்பிடாத குத்தகைக் கேள்வியை நான் நம்புவதில்லை. கேள்வித் தொகுப்பு இரவலாகக் கிடைத்தது என்பதற்காக அதன் ஆண்டைப் பார்க்காமல் நிதி அறிக்கைப் பகுதியைப் பயிற்சி செய்வது வீண் வேலை. வட்டி, புள்ளியியல் கணக்குகள் வரும் அளவியல் பகுதிக்கு அந்தக் கவலை அவ்வளவாக இல்லை.

சில சமயம் பழி கேள்வியின் மேலும் இல்லை, நம் மேலும் இல்லை. தேர்வில் அனுமதிக்கப்படும் பிஏ 2 பிளஸ் கால்குலேட்டர், அமைப்பை மாற்றாதவரை, 2 + 3 × 4 என்பதை இடமிருந்து வலமாகவே கணக்கிட்டு 20 என்று காட்டும். பெருக்கலை முதலில் செய்யும் அமைப்புக்கு மாற்றிய பின்பே 14 வரும். விடை பொருந்தாதபோது முதலில் இதையும், தவணை தொடக்கத்திலா இறுதியிலா என்ற அமைப்பையும் பார்த்துவிடுவது நல்லது.

இவ்வளவுக்குப் பிறகும் பொருந்தாத கேள்விகள் சில இருந்தன. அவற்றை அதே கருத்தைச் சொல்லும் அதிகாரப்பூர்வப் பாடநூல் பகுதியோடும், சிஎஃப்ஏ நிறுவனம் வெளியிடும் பிழைத்திருத்தப் பட்டியலோடும் ஒப்பிட்டேன். பாடநூல் ஒன்றைச் சொல்லித் தனியார் தொகுப்பு வேறொன்றைச் சொன்னால் கேள்வியை அடித்துவிட்டு நகர்ந்தேன். உடன் படித்தவர்களிடம் கேட்கும்போது விடையை முதலில் சொல்லாமல் கேள்வியை முழுமையாகக் கொடுப்பது அவசியம். விடை தெரிந்துவிட்டால் எவருக்கும் அதற்கேற்ற ஒரு நியாயம் தோன்றிவிடும்.

தேர்வறையில் பயிற்சிக் கேள்விகள் அளவுக்குக் குழப்பமானவை எனக்கு வரவில்லை. நெறியும் காலமும் பெரும்பாலும் கேள்வியிலேயே குறிப்பிடப்பட்டிருந்தன. தயங்க வைத்த சிலவற்றில் வழக்கமான அனுமானத்தையே எடுத்து விடையைக் குறித்தேன். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்படுவதில்லை என்பதால் எதையும் காலியாக விடவில்லை. திரும்பப் பார்க்க வேண்டியவற்றுக்கு அடையாளம் இட்டு அடுத்ததற்குப் போனேன். நேரம் மிஞ்சியபோது கணக்குக் கேள்விகளுக்கு மட்டுமே திரும்பினேன்.