கொள்ளிடம் தாண்டி வரும் சீர்

பொங்கல் முடிந்த சில நாட்களில் அண்ணன் போன் செய்தார். "பாப்பா, இந்தத் தடவை சீர்ப் பணம் அனுப்பலை. பூசத்தன்னிக்குக் கொள்ளிடக் கரைக்கு வந்துடு. அங்க வச்சுத் தரேன்" என்றார். எனக்கு வயது ஐம்பத்திரண்டு. அண்ணனுக்கு இன்னும் பாப்பாதான்.

அம்மா இருந்தவரை பொங்கல் சீர் தவறியதே இல்லை. பச்சரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள் கொத்து, ஒரு புடவை. பார்த்துப் பார்த்து எடுப்பது அம்மா, திருச்சியிலிருந்து பஸ் ஏறிக் கோயம்புத்தூருக்குக் கொண்டுவருவது அண்ணன். அம்மா போன பிறகு வந்த முதல் பொங்கலுக்குப் பணம் மட்டும் போனில் வந்தது. அதில் நானே ஒரு புடவை எடுத்தேன். நல்ல புடவைதான். ஆனால் அதைக் கட்ட மனசு வரவில்லை, பீரோவில் அப்படியே இருக்கிறது.

ஆகவே அண்ணன் கூப்பிட்டதும் மறுபேச்சுப் பேசாமல் கிளம்பிவிட்டேன்.

வடக்கே சிராவணப் பௌர்ணமியில் தங்கை அண்ணன் கையில் ரட்சைக் கயிறு கட்டுவாள். நம் பக்கத்தில் தை மாதம்தான் கூடப்பிறந்தவர்களின் மாதம். சில வீடுகளில் பொங்கலுக்கு மறுநாள் பெண்கள் மஞ்சள் இலையில் காக்கைக்குச் சோற்று உருண்டைகளாகக் கணுப்பிடி வைத்து, காக்கைக் கூட்டம் மாதிரி எங்கள் கூட்டமும் சிதறாமல் இருக்க வேண்டும் என்று உடன்பிறந்தவர்களுக்காக வேண்டுவார்கள். பொங்கலுக்குப் பிறந்த வீட்டுச் சீர் வரும். அப்புறம் தைப்பூசத்தன்று, ஸ்ரீரங்கத்து ரங்கநாதர் தன் தங்கை சமயபுரம் மாரியம்மனுக்குச் சீர் அனுப்புவார். திருச்சிக்காரர்களைக் கேட்டால், நம் வீடுகளில் கொடுக்கிற சீரெல்லாம் அந்தச் சீரைப் பார்த்து வந்தது என்பார்கள். நானும் அப்படித்தான் நம்புகிறேன்.

அவள் எப்படி அவருக்குத் தங்கை ஆனாள் என்பதை அம்மா எங்களுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறாள். மதுராவில் சிறைக்குள் தேவகிக்குக் கண்ணன் பிறக்கிறான். கோகுலத்தில் யசோதைக்கு ஒரு பெண் குழந்தை பிறக்கிறது. வசுதேவர் இரவோடு இரவாக யமுனையைத் தாண்டிப் போய், கண்ணனை அங்கே விட்டுவிட்டு அந்தப் பெண்ணைச் சிறைக்குக் கொண்டுவருகிறார். கம்சன் குழந்தையின் காலைப் பிடித்துக் கல்லில் அறைகிறான். அது அவன் கையிலிருந்து நழுவி வானில் எழுந்து, எட்டுக் கைகளோடு நின்று, "உன்னைக் கொல்லப் போகிறவன் வேறிடத்தில் பிறந்துவிட்டான்" என்கிறது. அந்த மாயாதேவிதான் சமயபுரத்தாள் என்று தலபுராணம் சொல்கிறது. அண்ணன் இருக்க வேண்டிய இடத்தில் தான் போய்ப் படுத்துக்கொண்டவள். இந்த இடம் வந்ததும் அம்மா அண்ணனைத் திரும்பிப் பார்ப்பாள். எதுவும் சொல்லமாட்டாள்.

இன்னொரு கதையும் உண்டு. அம்மனின் திருவுருவம் முதலில் ஸ்ரீரங்கத்தில்தான் இருந்ததாம். உக்கிரம் தாங்கமுடியாமல் அங்கிருந்து எடுத்துப் போகச் சொல்ல, சுமந்து வந்தவர்கள் கண்ணனூர்க் காட்டில் வைத்துவிட்டுப் போனார்களாம். அந்தக் கண்ணனூர்தான் இன்றைய சமயபுரம். பிறந்த வீட்டைவிட்டு வெளியே போனவளுக்கு அண்ணன் வருடம் தவறாமல் சீர் அனுப்புகிறார். எனக்கு இந்தக் கதையைக் கேட்டால் இப்போதும் கண் கலங்கும்.

அன்று அம்மன் கண்ணாடிப் பல்லக்கில் சமயபுரத்திலிருந்து புறப்பட்டு, வழிநெடுக ஊர் ஊராக உபயம் ஏற்றுக்கொண்டு, சாயங்காலம் கொள்ளிடத்தின் வடகரைக்கு வந்து சேர்கிறாள். வடதிருக்காவிரி என்று அந்த இடத்தைச் சொல்வார்கள். நான் ஒன்றாம் நம்பர் டோல்கேட்டில் இறங்கியபோது அண்ணன் ஒரு துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தார். முடி முழுக்க நரைத்துவிட்டது. "சாப்டியா?" என்றுதான் முதலில் கேட்டார்.

முக்கொம்பில் காவிரியிலிருந்து பிரிந்து வருகிற ஆறு கொள்ளிடம். வெள்ளம் வந்தால் கரை கொள்ளாது. தை மாதத்தில் மணல்தான் அதிகம், நடுவே கொஞ்சம் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. தீர்த்தவாரி முடிந்து ஜனங்கள் மணலில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்துவிட்டார்கள். நாங்களும் உட்கார்ந்தோம். அண்ணன் பையைக் கீழே வைக்கவேயில்லை.

நன்றாக இருட்டிய பிறகு தெற்குப் பக்கமிருந்து மேளச்சத்தம் கேட்டது. "ரங்கன் அனுப்பிட்டான்!" என்று பக்கத்தில் இருந்த பாட்டி எழுந்து நின்றுவிட்டார். எல்லாரும் எழுந்தோம். வரிசைத் தட்டுகள் வந்தன. பட்டுப்புடவை, மாலை, சந்தனம், மஞ்சள், வளையல், பழங்கள். ஒரு தட்டு எனக்கு மிக அருகில் போனது. மடிப்புக் கலையாத பட்டு, அதன்மேல் ஒரு மாலை. தட்டைப் பிடித்திருந்தவரின் நெற்றியில் திருமண். அம்மன் பக்கத்தில் வாங்கிக்கொள்ள நின்றவர்களின் நெற்றியில் திருநீறு. ஒரு வார்த்தை கூடக் குறைய இல்லை, ஒரு தயக்கம் இல்லை. சம்பந்தி வீட்டார் மாதிரி கூடச் சொல்லமாட்டேன், ஒரே வீட்டார் மாதிரி கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டார்கள். சைவம் வைணவம் என்று எத்தனையோ படித்திருக்கிறோம். அந்த மணலில் அதெல்லாம் நினைவுக்கே வரவில்லை.

ரங்கன் காலம்காலமாய்ப் படுத்திருக்கிற இடத்தைவிட்டு எழுந்து வரவில்லை. தங்கையும் ஆற்றைத் தாண்டிப் போவதில்லை, தன் கரையில் வந்து காத்திருக்கிறாள். சீர்தான் ஆற்றைத் தாண்டி வருகிறது. அன்றைக்கு அண்ணனைக் காப்பாற்ற யமுனையைத் தாண்டினார்கள், இன்றைக்குத் தங்கைக்காகக் கொள்ளிடத்தைத் தாண்டுகிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. என் அண்ணனிடம் சொன்னேன். "அம்மா இருந்தா இதைக் கேட்டுச் சந்தோசப்பட்டிருப்பாங்க" என்றார்.

சீர் ஏற்றுக்கொண்ட பிறகு அம்மனுக்கு மகா அபிஷேகம். பாலும் தயிரும் சந்தனமுமாக நடந்துகொண்டே இருந்தது. திரை விலகித் தீபாராதனை காட்டியபோது நள்ளிரவு தாண்டியிருக்கும். அலங்காரத்தில் அவள் முகத்தைப் பார்த்தேன். மாசிக் கடைசியில் ஊருக்காக இருபத்தெட்டு நாள் பச்சைப் பட்டினி கிடக்கப் போகிறவள். அதற்கு முன்னால் பிறந்த வீட்டிலிருந்து வந்த பட்டும் பூவும். அவளுக்கும் ஒரு பிறந்த வீடு இருக்கிறது, அவளை நினைத்துக்கொள்ள ஆள் இருக்கிறது என்பதே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அம்மா போன நாளிலிருந்து தொண்டையில் நின்றுகொண்டிருந்த ஏதோ ஒன்று அப்போதுதான் இறங்கியது. கைகூப்பியபடியே அழுதுவிட்டேன். அண்ணன் என் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

ஜனங்கள் கலையத் தொடங்கியதும், "அவங்க வீட்டுச் சீர் முடிஞ்சுது, இனி நம்ம வீட்டுது" என்று பையைப் பிரித்தார். அரக்குக் கலரில் மஞ்சள் கரை போட்ட புடவை. அண்ணன் ஜவுளிக்கடைக்குத் தனியாகப் போய்ப் புடவை எடுத்தது அவர் ஆயுளில் இதுதான் முதல் தடவை. அண்ணி கூட வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். இரண்டு கையாலும் கொடுத்தார். நான் விழுந்து கும்பிட்டு வாங்கிக்கொண்டேன்.

மடிப்புக்குள் ஏதோ கடினமாகத் தட்டுப்பட்டது. விரித்துப் பார்த்தால், மண் போகக் கழுவிய பச்சை மஞ்சள் ஒன்று, காய்ந்த விரலி மஞ்சள் ஒன்று.

"புடவைக்குள்ள அம்மா மஞ்சள் வைப்பாங்கல்ல? எது வைப்பாங்கன்னு எனக்கு ஞாபகம் வரலை பாப்பா. அதான் ரெண்டையும் வச்சுட்டேன்."

அம்மா வைத்தது பச்சை மஞ்சள். நான் சொல்லவில்லை. இரண்டையும் சேர்த்து முந்தானையில் முடிந்துகொண்டேன்.