பாய்லர் அறைக்காரர்

2019 பிப்ரவரி 11, பிளிமத்
வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் என் பராமரிப்பு வேலையில் இன்று புது வீடு. 81 வயதுப் பெரியவர், மனைவி இறந்து தனியாக இருக்கிறார். 1955 முதல் 12 வருடம் பிரிட்டிஷ் கடற்படையில், பாய்லர் அறையில் வேலை. கதவைத் திறந்துவிட்டுச் சுவரைப் பிடித்து நின்றார். நாலு எட்டு நடந்ததற்கே அந்த மூச்சு. கோப்பில் மீசோதீலியோமா என்றிருக்கிறது: நுரையீரலைச் சுற்றிய சவ்வில் வரும் புற்றுநோய். ஆஸ்பெஸ்டாஸ் தூசி உள்ளே போனது அப்போது, நோய் தலைகாட்டியது இப்போது. சிகரெட்டால் வந்ததோ என்று கேட்டார். இது சிகரெட்டால் வருவதில்லை என்றேன்.

பிப்ரவரி 14
இன்று பேசினார். ஆஸ்பெஸ்டாஸ் பொடியைத் தண்ணீரில் குழைத்து நீராவிக் குழாய்களில் அப்புவார்களாம். அந்தக் குழம்புக்கு அவர்கள் வைத்த பெயர் ‘குரங்குச் சாணி’. குழாய் ஒழுகினால் காய்ந்த பூச்சைச் சுத்தியலால் உடைக்க வேண்டும். இங்குள்ள டெவன்போர்ட் கடற்படைத் தளத்தில் கப்பல் நிற்கும்போது அதை உருட்டி ஒருவர் மேல் ஒருவர் எறிந்து விளையாடியதாகச் சொல்லி, கையைக் குவித்து உருண்டை பிடித்துக் காட்டினார். சிரித்தார், அப்புறம் இருமல்; அடங்கப் பத்து நிமிடம் ஆனது. முகமூடி தந்தார்களா என்று நான் கேட்டதே தப்பு.

ராத்திரி தம்பிக்கு போன். பின்கட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் துளை போடாதே என்றேன். இங்கே பிரிட்டனில் 1999இலேயே முழுத் தடை. “ஊரே அதுக்குக் கீழதான்க்கா தூங்குது” என்றான். என்ன சொல்ல?

பிப்ரவரி 19
அவருடைய நோய்க்கான உதவித்தொகைப் படிவம் வந்துவிட்டது. படிக்கப் படிக்க எனக்குத்தான் கோபம். அதே கப்பலில் பக்கத்தில் நின்று வேலை பார்த்த தளத் தொழிலாளி நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாம். 1987க்கு முன் சீருடையில் இருந்த இவர் போட முடியாது. ஓய்வூதியம்தான். 2016 முதல் இன்னொரு வழியும் உண்டு: மொத்தமாக 1,40,000 பவுண்டு.

வாராவாரமா, மொத்தமாகவா? உறையின் பின்புறம் கணக்குப் போட ஆரம்பித்தார். பாதியில் நிமிர்ந்து, “எத்தனை வாரம் என்று போட?” என்றார். இந்த நோயில் பலர் ஒரு வருடத்தைத் தாண்டுவதில்லை. எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். டீ போடுகிறேன் என்று எழுந்து போய்விட்டேன்.

பிப்ரவரி 21
மொத்தத் தொகைக்கே டிக் செய்திருந்தார். வரும் வழியில் தபாலில் சேர்த்தேன். முதல் வகுப்புத் தபால்தலைதான் ஒட்ட வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னார்.