இரண்டு கண்களுக்குள் ஒரு முழுக்கு

மெக்சிகோவின் துலூமில் இறங்கிய அன்றே நீர் நிறைந்த குகைகளுக்குள் முழுக அழைத்துச் செல்லும் மூன்று டைவிங் கடைகளுக்குச் சென்றேன். முதல் கடையில், ஒரு வழிகாட்டியுடன் எத்தனை பேர் இறங்குவோம் என்று கேட்டதற்கு, "ஆறேழு பேர்" என்று பதில் வந்ததும் வெளியேறிவிட்டேன். நான்கு பேருக்கு மேல் கூடாது என்பதே அங்குள்ள பாதுகாப்பு நெறி. மூன்றாவது கடைக்காரரோ விலை பேசுவதற்கு முன்பே என் சான்றிதழையும், கடைசியாக எப்போது நீரில் இறங்கினேன் என்பதையும் விசாரித்தார். அந்தக் கேள்விகளுக்காகவே அவரைத் தேர்ந்தெடுத்தேன்.

மறுநாள் டோஸ் ஓஹோஸ் என்னும் நீர்க்குகை. ஸ்பானிய மொழியில் 'இரண்டு கண்கள்' என்று பொருள். சிலிண்டரில் உள்ள காற்றில் மூன்றில் ஒரு பங்கு உள்ளே செல்ல, ஒரு பங்கு திரும்ப, மீதி அவசரத்திற்கு என்று வழிகாட்டி கணக்குச் சொன்னார். அடியில் படிந்த வண்டல் கலங்கினால் பார்வையே மறைந்துவிடும் என்பதால், தவளையைப் போலக் காலைப் பக்கவாட்டில் உதைத்தபடி, கட்டியிருந்த கயிற்றை விட்டு விலகாமல் நீந்தினோம்.

பத்து மீட்டர் ஆழத்திற்குள்தான் இருந்தோம். பனியுகத்தில் கடல்மட்டம் தாழ்ந்து இக்குகை வறண்டிருந்தபோது, சொட்டுச் சொட்டாக விழுந்த நீர் விட்டுச்சென்ற சுண்ணாம்பு விழுதுகள் என் விளக்கொளியில் தேன்நிறத்தில் தொங்கின. ஒன்றின் நுனி விரலளவே இருந்தது. கையை மார்போடு அணைத்துக்கொண்டு கடந்தேன். பகலொளி தென்படும் எல்லையைத் தாண்டக் கூடாது என்று எச்சரிக்கும் பலகை வந்ததும் வழிகாட்டி திரும்பினார். தொலைவில், குகைவாயில் நீலமாகத் திறந்திருந்தது.